ரேஞ்ச்ஃபைண்டர் பைனாகுலர்: வாங்கும்போதும் பார்க்கும்போதும் செய்யும் தவறுகள்

ரேஞ்ச்ஃபைண்டர் பைனாகுலர் என்பது, பார்க்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து காட்டும் இருகண் தொலைநோக்கி. அளக்கக்கூடிய தூரம் 2000 மீட்டர் என்று பெட்டியின் மேல் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. அந்த எண் பெரும்பாலும் ஒளியை நன்றாகத் திருப்பியனுப்பும் பளபளப்பான பலகைக்குச் சொன்னது. அதே கருவி ஒரு மரத்துக்கோ மானுக்கோ அந்த எண்ணில் பாதியைக்கூட எட்டாமல் போகலாம், கருத்து ஈரமாக இருக்கும் மரப்பட்டை என்றால் இன்னும் குறையும், உச்சிவெயிலும் மூடுபனியும் சேர்ந்து படுத்தும். மரத்துக்கு இவ்வளவு, விலங்குக்கு இவ்வளவு என்று தனியாகக் கொடுத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

உள்ளே நடப்பது இதுதான்: பொத்தானை அழுத்தியதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் கிளம்பி, எதன் மீதோ பட்டுத் திரும்புகிறது, போய்வந்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்காகிறது. 150 மீட்டர் போய்வர ஒரு மைக்ரோ நொடிதான், அதாவது ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

'எதன் மீதோ' என்பதைக் கவனியுங்கள், பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது. புல்வெளிக்கு அப்பால் ஒற்றை மரம் நிற்கிறது, குறியை அதன் மேல் வைத்து அழுத்துகிறீர்கள், 42 என்று வருகிறது. மரமோ 200 மீட்டருக்குக் குறையாது. நடுவில் ஆடிய புல் நுனியைத்தான் கருவி அளந்திருக்கிறது. கை கொஞ்சம் நடுங்கினால் மரத்தைத் தாண்டிப் பின்னால் இருக்கும் மேட்டைக் காட்டும். முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொண்டு, இலைகளை விட்டு அடிமரத்தைக் குறிவைத்து, மூன்று முறையாவது அழுத்திப் பாருங்கள். ஒட்டிவரும் எண்களை நம்பலாம். முன்னால் இருப்பதை விட்டுக் கடைசியாகத் தெரிவதை அளக்கும் வசதி இருந்தால் புல், புதர் உள்ள இடத்தில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரிவில் இன்னொன்று. 30 டிகிரி சாய்வில் 100 மீட்டர் என்று காட்டினால் கிடைமட்டத் தூரம் சுமார் 87 மீட்டர்தான். வில்வித்தைக்காரர்களுக்கு இந்த 13 மீட்டர் பெரிய விஷயம், அவர்கள் கோணத்தையும் கணக்கில் எடுக்கும் கருவியைத்தான் வாங்க வேண்டும்.

சரி, வாங்கலாமா? தூரம் தெரிந்தால்தான் வேலை நடக்கும் என்றால் வாங்குங்கள், வில்லாளர், வனத்தில் அளவெடுப்பவர் போன்றோருக்கு இது நிஜமாகவே உதவும். பறவை பார்க்க மட்டும் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். லேசருக்கும் எண்ணைக் காட்டும் திரைக்கும் போகும் பணத்தை நல்ல லென்ஸில் போட்டால் மங்கலான விடியலிலும் இறகின் நிறம் தெளிவாகத் தெரியும், கழுத்தில் தொங்கும் எடையும் குறையும்.

வாங்கிவிட்டவர்கள் திரையில் எண் மங்கலாகத் தெரிந்தால் கருவியில் கோளாறு என்று உடனே திருப்பியனுப்பாதீர்கள். பல மாடல்களில் எண்ணைக் கூர்மையாக்கக் கண்வில்லையில் தனி வளையம் இருக்கும், முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள்.