தூசு நோய் வழக்கை முதன்முதலாக எடுக்கும் இளம் வக்கீலுக்கு

கூடலூரில் என் அலுவலகம் மாடியில் இருக்கிறது. பதினாறு படிகள். வெளிமாநில நிலக்கரிச் சுரங்கத்தில் பத்தொன்பது ஆண்டுகள் துளை போட்டுவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், ஒன்பதாவது படியில் கைப்பிடியைப் பற்றி நின்று, உதட்டைக் குவித்து மூச்சு விட்டார். மேலே வந்த பிறகும் பேச ஐந்து நிமிடம் ஆனது. அன்றிலிருந்து இத்தகைய கட்சிக்காரர்களைக் கீழே ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு சந்திக்கிறேன். நீங்களும் முதலில் இடத்தைப் பாருங்கள். மூச்சு வாங்கும் மனிதரை ஏற வைக்காதீர்கள். அவர் நோயைப் பற்றிப் பத்துப் பேர் காதில் விழும்படி பேசவும் வைக்காதீர்கள்.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே கெடுவைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். 1923 ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் மனுவை விசாரிக்கும் ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம். நிலக்கரித் தூசு நுரையீரலில் படிந்து வரும் தூசு நோயோ வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். ஆகவே நோய் எப்போது தெரிந்தது, அதற்கு 1923 சட்டமா, அதன் இடத்துக்கு வந்த 2020 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பா என்று பாருங்கள். "கண்டிப்பாகக் கிடைக்கும் ஐயா" என்ற சொல் மட்டும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. அதை நம்பி அவர் கடன் வாங்குவார்.

கட்டணம். "வரும் தொகையில் முப்பது சதவீதம்" என்று கேட்ட ஒரு மூத்த வக்கீலிடம்தான் நான் தொழில் பழகினேன். அது தவறு என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை. இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளில் இருபதாவது விதி அதைத் தெளிவாகத் தடை செய்கிறது: வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கவும் கூடாது. அமெரிக்காவில் சுரங்கத் தொழிலாளரின் கரு நுரையீரல் (இதே தூசு நோய்) வழக்குகளில் வக்கீலின் கட்டணத்தை விசாரிக்கும் அதிகாரிதான் அங்கீகரிக்கிறார். தனியே போட்டுக்கொள்ளும் கட்டண ஒப்பந்தம் செல்லாது. நீங்கள் ஒரு தொகையைச் சொல்லுங்கள், தமிழில் எழுதிக் கொடுங்கள். அவரால் முடியாவிட்டால் 15100 என்ற எண்ணைக் கொடுத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். 1987 ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இலவச உதவி தருகிறது. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். பாஸ்புக்கை உங்கள் பீரோவில் வைக்காதீர்கள்.

இனி எக்ஸ்ரே. எனக்கு இதுதான் வழக்கின் உயிர்.

படியில் நின்று மூச்சு வாங்கிய அந்த மனிதருக்கு, காசநோய் என்று நினைத்து இரண்டு முறை மருந்து கொடுத்திருந்தார்கள். படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மேல்பகுதியில் கடுகு தூவியதுபோல் புள்ளிகள். அதைப் படிக்கும் தகுதி எனக்கில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முறைப்படி புள்ளிகளின் அடர்த்தியைப் படிக்கத் தெரிந்த மருத்துவரிடம் அனுப்பினேன். உங்களுக்குச் சாதகமாக எழுதித் தரும் மருத்துவரைத் தேடி அலையாதீர்கள். பாதகமாக ஓர் அறிக்கை வந்தால் முதலில் கட்சிக்காரரிடம் காட்டுங்கள். எதிர்த்தரப்புக்குக் கொடுப்பதா என்பது அவருடைய சம்மதத்தைப் பொறுத்தது. ஆனால் அந்த அறிக்கை இல்லாததுபோல் ஆணையரிடம் வாதாடக் கூடாது.

நிறுவனத்தின் பக்கம் நிற்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் எடுத்த படத்தில் நோய் தெரிந்தால், அது அந்த மனிதரின் உடம்பைப் பற்றிய செய்தி. அதைப் பெட்டிக்குள் பூட்டினால் அவர் தனக்கு என்ன நோய் என்றே அறியாமல் தூசிக்குத் திரும்புவார். அமெரிக்காவில் இது நடந்தது. அதனால்தான் 2016 இல், வழக்குக்காகத் தயாரித்த மருத்துவத் தகவல் அனைத்தையும் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் தர வேண்டும் என்று விதி போட்டார்கள். இங்கே அப்படி ஒரு விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நிறுவனத்தின் மருத்துவப் பரிசோதனைக்குக் கட்சிக்காரரை மறுக்காமல் அனுப்புங்கள். மறுத்தால் அவர் உரிமை தடைபடும். அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள்.

"பீடி குடித்ததைச் சொல்ல வேண்டாமே அம்மா?" என்று என் கட்சிக்காரர் கேட்டார். சொல்லுங்கள் என்றேன். பீடி மூச்சுக்குழலைக் கெடுக்கும்; நிலக்கரித் தூசால் நுரையீரலில் வரும் முடிச்சுகளை அது உண்டாக்காது. உண்மையே அவருக்குப் போதும்.

எத்தனை ஒப்பந்தக்காரர்களிடம் வேலை செய்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். பலரிடம் செய்திருந்தால் ஆணையர் பொறுப்பைப் பங்கிடலாம். மனுவை அவர் குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமே போடலாம். சுரங்கம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

எக்ஸ்ரே படங்களைப் பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வைக்காதீர்கள். கூடலூர் மழையில் ஆடி முடிவதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணம் பிடித்துவிடும். காகித உறையில் தனித்தனியாக வைத்து, எண்ணிட்டு, வழக்கு முடிந்ததும் ரசீது எழுதி அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது பழைய படத்தைத்தான்.