மாற்றுத்திறனாளி உதவித்தொகை பெற விண்ணப்பிக்கும் முறை

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்திர உதவி இரண்டு துறைகள் வழியாகக் கிடைக்கிறது என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்குவது பராமரிப்பு உதவித்தொகை; 1,500 ரூபாயாக இருந்த அது 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வருவாய்த் துறை சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வழங்குவது மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரி முதல் அது 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயானது. ஒருவர் இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது. எதற்குத் தகுதி என்பதை மருத்துவச் சான்றிதழில் எழுதப்படும் பாதிப்பின் வகையும் சதவீதமுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன என்பதால், உழைப்பின் பெரும்பகுதியை அந்தச் சான்றிதழைச் சரியாகப் பெறுவதில் செலவிடுவதே நல்லது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைப் பாதிப்புகளை ஏற்கிறது. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் மட்டுமல்லாமல் தசைச்சிதைவு, ஆட்டிசம், மனநோய், இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபீலியா, பார்கின்சன் நோய் ஆகியவையும் அதில் அடங்கும். வெளியே தெரியாத பாதிப்பு என்பதற்காக யாரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பெரும்பாலான நலத்திட்டங்களுக்குக் குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு தேவை.

முதலில் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு, அதாவது யு.டி.ஐ.டி. அட்டைக்குப் பதிவு செய்ய வேண்டும். கைபேசியிலேயே செய்துவிடலாம், முடியாதவர்கள் இ-சேவை மையத்தையோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையோ நாடலாம். இங்கே ஒரு சிறிய விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். ஆதாரில் "முருகன் ச" என்றும், வங்கிக் கணக்குப் புத்தகத்தில் தந்தை பெயர் முழுமையாகச் சேர்ந்து "சண்முகம் முருகன்" என்றும், குடும்ப அட்டையில் வெறும் "முருகன்" என்றும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். கணினிக்கு இந்த மூவரும் வேறு வேறு ஆட்களாகத் தெரியலாம். பணம் ஒப்பளிக்கப்பட்ட பிறகு இதற்காக அலைவதைவிட, பதிவு செய்யும் முன்பே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவது எளிது.

சான்றிதழுக்கான மருத்துவப் பரிசோதனை அரசு மருத்துவமனையிலோ மாவட்ட நிர்வாகம் நடத்தும் சிறப்பு முகாமிலோ நடைபெறும். எலும்பு முறிவு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம் எனத் தொடர்புடைய துறையின் மருத்துவர் எந்த நாளில் வருவார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். சக்கர நாற்காலியில் ஒருவரை அழைத்துச் சென்றுவிட்டு வெறுங்கையுடன் திரும்புவதைப் போன்ற கொடுமை வேறில்லை. பழைய சிகிச்சைக் குறிப்புகள், எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகள் அனைத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். சிறு குழந்தையின் செவித்திறனுக்கு, ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா பரிசோதனையும், அறிவுசார் குறைபாட்டுக்கு நுண்ணறிவு மதிப்பீடும் தேவைப்படும்.

சான்றிதழ் கைக்கு வந்தவுடன், நகர்வதற்கு முன்பே அதைப் படித்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, பாதிப்பின் வகை, சதவீதம் ஆகியவற்றோடு, அது நிரந்தரமானதா தற்காலிகமானதா என்பதையும் பார்க்க வேண்டும். தற்காலிகமானது என்றால் அதில் காலாவதி தேதி இருக்கும். அதற்கு முன்பே மறுபரிசோதனைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சதவீதம் குறைத்து மதிப்பிடப்பட்டதாகக் கருதினால், மேல்முறையீடு செய்ய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு உரிமை தருகிறது. மருத்துவரிடம் வாதாடுவதில் பயனில்லை. எழுத்து மூலம் மேல்முறையீடு செய்யுங்கள்.

அடுத்து உதவித்தொகை விண்ணப்பம். 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களும், 40 சதவீதமும் அதற்கு மேலும் அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு உள்ளவர்களும் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கொடுக்க வேண்டும். இந்த வரம்புக்குள் வராத, 18 வயது நிறைந்த, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள ஏழைகள் வருவாய்த் துறை ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப் பின் தனி வட்டாட்சியர் ஆணை வழங்குவார். விசாரணைக்கு வரும்போது வீட்டில் ஆளில்லாமல் போனால் மனு அங்கேயே தேங்கிவிடும். ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால், பெற்றோரேயானாலும் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று கேட்கப்படலாம். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதை வழங்குகிறது. பிள்ளைக்கு 17 வயதாகும்போதே இதற்கான தாள்களைச் சேர்த்து வைப்பது நல்லது.

எந்த மனுவாக இருந்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் அந்தச் சீட்டின் நகலை இணைத்து, திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். உதவித்தொகை வரத் தொடங்கிய பின், பயனாளி உயிருடன் இருப்பதைக் காட்டக் கேட்கப்படும் வாழ்நாள் சான்றை உரிய காலத்தில் கொடுக்கத் தவறினால் பணம் நின்றுபோகும்.