பெயரைப் பார்த்து விண்ணப்பிக்கலாமா? வெளிநாட்டில் முதுநிலை படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மியாமி யுனிவர்சிட்டி மியாமியில் இல்லை. ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறது. அது இருக்கும் ஊரின் பெயர் ஆக்ஸ்ஃபோர்டு! யார்க் என்ற பெயரில் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம், டொரண்டோவில் இன்னொன்று. யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன் சியாட்டிலில் இருக்கிறது, வாஷிங்டன் யுனிவர்சிட்டி செயின்ட் லூயிஸில். எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனாலும் விண்ணப்பக் கட்டணம் கட்டிவிட்டு, அப்புறம் மேப்பில் ஊரைத் தேடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஊர் மாறிப்போவது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறு. பணத்தையும் வருடத்தையும் விழுங்குவது வேறு: படிப்பை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு விண்ணப்பிப்பது. ஓராண்டோ ஈராண்டோ நீங்கள் உட்காரப்போவது ஒரு துறையில், ஒரு பாடத்திட்டத்தில், ஏழெட்டு ஆசிரியர்களுக்கு முன்னால். கட்டடத்தின் முகப்பில் இருக்கும் பெயருக்கும் அந்த வகுப்பறைக்கும் பல சமயம் தூரம் அதிகம்.

ரேங்க் எதை அளக்கிறது?

தரவரிசையைப் பார்ப்பதில் தப்பில்லை. அதை எப்படிப் போட்டார்கள் என்று பார்க்காமல் நம்புவதுதான் தப்பு. க்யூஎஸ் என்ற உலகத் தரவரிசைப் பட்டியல் 2024 பதிப்பிலிருந்து பின்பற்றும் முறையில் 30 சதவீத மதிப்பெண் கல்வியாளர்களிடம் எடுக்கும் கருத்துக் கணிப்பிலிருந்து வருகிறது. இன்னொரு 15 சதவீதம் வேலை கொடுப்பவர்களிடம் எடுக்கும் கணிப்பிலிருந்து. ஆக, பாதிக்குச் சற்றுக் குறைவான மதிப்பெண், பெயர் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கே போய்விடுகிறது. 2003-இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசைப் பட்டியலில் 30 சதவீதம், அங்கே படித்தவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களும் வாங்கிய நோபல் பரிசுகளுக்கும், கணிதத்துக்குத் தரும் ஃபீல்ட்ஸ் பதக்கங்களுக்கும். இயற்பியலில் ஒருவர் நோபல் வாங்கியிருந்தால் சப்ளை செயின் படிப்பையும் அங்கே நன்றாக நடத்துவார்கள் என்று எப்படிச் சொல்வது?

80-ஆம் இடத்துக்கும் 120-ஆம் இடத்துக்கும் நடுவே மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வது வீண் வேலை. ரேங்க் வேண்டுமென்றால் துறைவாரிப் பட்டியலைப் பாருங்கள். பிஎச்.டி. வரை போகும் எண்ணம் இருந்தால், எந்தப் பேராசிரியரிடம் வேலை செய்ய ஆசையோ அவருடைய கடைசி மூன்று நான்கு ஆய்வுக் கட்டுரைகளை முதலில் படியுங்கள். அது எந்தப் பட்டியலும் சொல்லாததைச் சொல்லும்.

பாடத்திட்டத்தை இறங்கிப் படியுங்கள்

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இது. டேட்டா சயின்ஸ் எம்.எஸ். ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கத்தைத் திறந்ததும் முப்பது விருப்பப் பாடங்கள் கண்ணைப் பறிக்கும். அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் கட்டாயப் பாடங்களைப் பாருங்கள். முதல் செமஸ்டரில் பைத்தான் அறிமுகமும் அடிப்படைப் புள்ளியியலும்தான் இருக்கின்றன, நீங்களோ இளநிலையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர் என்றால், தெரிந்ததையே மறுபடி படிக்கப் பணம் கட்டப்போகிறீர்கள். அந்தப் படிப்பை வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்காக வடிவமைத்திருக்கிறார்கள். குற்றம் படிப்பில் இல்லை; அது உங்களுக்கானது இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து அந்த முப்பது பாடங்கள். பக்கத்தின் அடியில், எல்லாப் பாடங்களும் எல்லா ஆண்டும் நடத்தப்படும் என்று உறுதியில்லை என ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் அந்தந்த செமஸ்டரின் வகுப்பு அட்டவணையை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. உங்களுக்குப் பிடித்த பாடம் இந்த ஆண்டு நடக்கிறதா, யார் எடுக்கிறார், எத்தனை இடம், வேறு துறைக்காரர்களைச் சேர்ப்பார்களா என்று அதில் பார்த்துவிடலாம். அரை மணி நேர வேலைதான்.

கிரெடிட் கணக்கும் முக்கியம். பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு வழக்கமாக 180 கிரெடிட். ஈசிடிஎஸ் என்ற ஐரோப்பியப் பொதுக் கிரெடிட் முறையில் அது 90. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் ஈராண்டுப் படிப்பு 120 ஈசிடிஎஸ். பின்னால் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும்போது சில இடங்களில் 120 கேட்பார்கள். சீக்கிரம் முடிகிறதே என்று ஓராண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுக்கட்டும்.

பட்டத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வழி மாறிவிடும். அமெரிக்காவில் கட்டடக் கலைஞராக உரிமம் வாங்கும் எண்ணம் இருப்பவருக்குப் பெரும்பாலும், கட்டடக்கலைப் படிப்புகளை அங்கீகரிக்கும் என்ஏஏபி அமைப்பின் அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க். வேண்டும், அதே கட்டடத்தில் நடக்கும் எம்.எஸ். ஆர்க்கிடெக்சர் படிப்புக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். ஸ்கூல் ஆஃப் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பிரிவில், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் முதுநிலை ஹைன்ஸ் கல்லூரியில். சேர்க்கைத் தகுதியும் பாடமும் வேறு வேறு. இரண்டுமே கார்னகி மெலன்தானே என்று கணக்குப் போடக் கூடாது.

படித்தபின் வேலை: இன்றைய விதி நாளை இருக்குமா?

படிப்பு முடிந்தபின் தங்கி வேலை பார்க்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக நாட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் பிரிட்டனின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை 2012 ஏப்ரலில் மூடினார்கள். 2021 ஜூலையில் கிராஜுவேட் ரூட் என்ற பெயரில், முதுநிலை முடித்தவர்களுக்கு ஈராண்டு என்று மறுபடி திறந்தார்கள். அதையும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைப்பதாக அறிவித்துவிட்டார்கள். நீங்கள் சேரும் நாளில் இருக்கும் விதி, முடிக்கும் நாளில் இருக்கும் என்பதற்கு எந்த நாடும் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை.

அமெரிக்காவில் நுணுக்கம் வேறு இடத்தில். படித்தவர்கள் அங்கேயே வேலை பார்க்கத் தரும் ஓபிடி என்ற அனுமதி 12 மாதம். ஸ்டெம் படிப்பு (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்றால் கூடுதலாக 24 மாதம். ஸ்டெம்மா இல்லையா என்பதை முடிவுசெய்வது, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் இருக்கும் சிஐபி எண், அதாவது படிப்பின் வகையைக் குறிக்கும் எண். பொது பொருளாதாரத்தின் எண் 45.0601, அது ஸ்டெம் இல்லை. அளவுசார் பொருளாதாரத்தின் எண் 45.0603, அது ஸ்டெம். பாடங்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் எண்ணால் ஈராண்டு வித்தியாசப்படலாம். துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனியில் ஃபீஸே இல்லை என்று இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து அவர்களிடம் முதுநிலைக்குப் பெரும்பாலும் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று வசூலிக்கத் தொடங்கிவிட்டது. ஸ்வீடன், ஃபின்லாந்து, நார்வே எல்லாம் இலவசக் கதவை முன்னரே மூடிவிட்டன. பழைய வீடியோக்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கன்சல்டன்சி இலவசம் என்றால்

மாணவரிடம் பைசா வாங்காத ஏஜென்ட்டுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பல்கலைக்கழகம் தரும் கமிஷனிலிருந்து. அதற்காக அவர் ஏமாற்றுக்காரர் ஆகிவிட மாட்டார். ஆனால் கமிஷன் தராத இடம் அவர் பட்டியலில் இருக்காது. அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே எந்தெந்தப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் என்பதுதான். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

2019 ஜனவரியில் வெளிவந்த ஃபார்மிங்டன் பல்கலைக்கழக விவகாரம் நினைவிருக்கலாம். மிச்சிகனில் அமெரிக்கக் குடியேற்றத் துறையே மாணவர் விசா மோசடியைப் பிடிக்க நடத்திய போலி நிறுவனம் அது. இணையதளம் இருந்தது, அங்கீகாரம் இருப்பதாக அதிகாரபூர்வப் பட்டியலிலும் பெயர் வந்தது. சுமார் 600 பேர் சேர்ந்திருந்தார்கள். ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. அங்கீகாரப் பட்டியலைப் பார்த்தால் போதும் என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். பாடம் எடுப்பவரின் பெயர், அவர் எழுதிய கட்டுரை, இந்த வார வகுப்பு நேரம், சென்ற ஆண்டு படித்து முடித்த இரண்டு பேர்: இந்த நான்கும் கிடைக்காத இடத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள். படித்து முடித்தவர்களை லிங்க்ட்இன்னில் நீங்களே தேடுங்கள். கல்லூரியோ ஏஜென்ட்டோ அறிமுகப்படுத்தும் ஆள் வேண்டாம்.

ஆஃபர் வந்தபின் வரும் அவசரம் கடைசித் தவறு. ஒரு வாரத்தில் பதில் சொல்லுங்கள், இல்லையென்றால் இடம் போய்விடும் என்பார்கள். அமெரிக்காவில் அசிஸ்டன்ட்ஷிப், ஃபெல்லோஷிப் போன்ற நிதியுதவியோடு வரும் ஆஃபருக்கு, ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் அந்தத் தேதிக்கு முன் பதில் கேட்டு நெருக்கக் கூடாது. கையெழுத்திட்டவர்களின் பட்டியல், கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் தளத்தில் இருக்கிறது. நிதியுதவி இல்லாத ஆஃபருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே டெபாசிட் கேட்பார்கள். விசா மறுக்கப்பட்டால் அது முழுதாகத் திரும்பி வருமா, வேண்டாம் என்பதை எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தால் அதே தொகை செல்லுமா என்பதைப் பல்கலைக்கழகத்தின் ரீஃபண்ட் பக்கத்தில் படித்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வைத்துக்கொண்டு, அப்புறம் கட்டுங்கள்.