கால்நடை கிளினிக்கிற்கு ஆள் பிடிப்பதும் தக்கவைப்பதும்

உதவியாளரைச் சான்றிதழ் பார்த்துத் தேடாதீர்கள்; உசிலம்பட்டி, மேலூர் பக்கம் வீட்டில் ஆடு மாடு வளர்த்த பிள்ளைகளுக்கு மிரளும் மாட்டை எப்படி அணைத்துப் பிடிப்பது என்று சொல்லித்தரவே வேண்டாம், பதிவேடு எழுதுவதெல்லாம் அப்புறம் பழகிக்கொள்வார்கள். டாக்டர் வேண்டுமா? தேனி, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் படிப்பை முடிக்கப்போகிறவர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். அரசு வேலை கிடைத்தால் போய்விடுவார்கள்தான், கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது!

சேர்ந்ததும் முதல் வேலை ரேபிஸ் தடுப்பூசி: 0, 7, அப்புறம் 21 அல்லது 28-ஆம் நாள், செலவு உங்களுடையது. நான் இதைத் தள்ளிப்போட்டதில், நாய் கடித்த பையன் ஒருவன் மறுநாளே நின்றுவிட்டான்.

கன்று ஈன முடியாத மாட்டுக்காக நள்ளிரவில் எழுப்பினால் மறுநாள் காலை விடுப்பும் தனிப் படியும் கொடுங்கள். பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று காளை வளர்ப்பவன் மூன்று நாளும் லீவு கேட்பான். டிசம்பரிலேயே முறை போட்டுவிடுங்கள்.