‘குறைந்தது ஒன்று’ கணக்குக்குக் குறுக்குவழி

நிகழ்தகவில் ‘குறைந்தது ஒன்று’ என்று கேட்டால், ‘ஒன்றுகூட இல்லை’ என்பதைக் கண்டுபிடித்து 1-லிருந்து கழித்துவிடுங்கள். வேலூர்ச் சந்தையில் குவித்து வைத்த இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் பத்துக்கு ஒன்று சொத்தை என்று வைத்துக்கொள்வோம். பார்க்காமல் 4 எடுத்தால், நான்குமே நல்லதாக இருக்க 0.9 × 0.9 × 0.9 × 0.9 = 0.6561, குறைந்தது ஒன்று சொத்தையாக இருக்க 1 − 0.6561 = 0.3439. நேர்வழியில் போனால் 1, 2, 3, 4 சொத்தை என நான்கு கணக்கு போட வேண்டும். சும்மா 0.1-ஐ நான்கு முறை கூட்டுவது தப்பு. அப்படிக் கூட்டினால் 10 காய்க்குச் சொத்தை நிச்சயம் என்றாகிவிடும்!

கூடையில் மொத்தமே 10 காய், அதில் 1 சொத்தை என்றால் 0.9-ஐயே திரும்பப் பெருக்கக் கூடாது. ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க மிச்சம் மாறுகிறது: 9/10 × 8/9 × 7/8 × 6/7 = 0.6, கழித்தால் 0.4. அப்புறம், ‘சரியாக ஒன்று’ என்று கேட்டால் இந்த வழி உதவாது.