தொட்டியில் காந்தாரி: குமரி மாவட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அவித்த மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்குக்கு) காந்தாரி மிளகாயை உப்பும் சின்ன உள்ளியும் வைத்து நசுக்கி, தேங்காய் எண்ணெய் விட்டுத் தொட்டுக்கொள்ளும் ஊர் எங்களுடையது. வீட்டுக்கு ஒரு மிளகாய்ச் செடி வேண்டும் என்று ஆசைப்படாதவர் இங்கே குறைவு. நான் வீட்டில் நாற்று வளர்த்துக் கொடுக்கிறேன். நல்ல நாற்றாகப் பார்த்து வாங்கிப் போனவர்கள் இரண்டு மாதத்தில் வாடிய முகத்தோடு திரும்பி வருகிறார்கள். தண்ணீர் ஊற்ற மறப்பது, ஆடு கடிப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

பதப்படுத்தாத நார்க்கழிவில் நடுவது

எனக்கு இன்றும் ஆற்றாமை தருவது இதுதான். கதம்பையிலிருந்து, அதாவது தேங்காய் மட்டையிலிருந்து, தும்பு (நார்) பிரிக்கும் மில்களுக்கு வெளியே நார்க்கழிவு மலையாகக் குவிந்து கிடக்கும். அதை இலவசமாகவோ சொற்ப விலைக்கோ கொடுப்பார்கள். கடையில் கட்டியாக விற்கும் கோகோ பீட்டும் இதுவும் ஒன்றுதானே என்று மூட்டை மூட்டையாக அள்ளி வந்து, தொட்டி முழுக்க அதையே நிரப்பிவிடுகிறார்கள்.

குளச்சல் பக்கத்திலிருந்து ஓர் அக்கா அழைத்ததால் அவர் வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன். வரிசையாகப் பைகள், எல்லாவற்றிலும் செடி சாண் உயரத்தோடு நின்றுவிட்டது. அடியிலைகள் வெளிறி மஞ்சளாகியிருந்தன, இலை விளிம்பு கருகியிருந்தது. பையின் மேற்பரப்பு காய்ந்து கிடந்தது. விரலை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. "தினமும் இரண்டு வேளை ஊற்றுகிறேனே, தம்பி. மஞ்சளாக இருக்கிறதே என்று யூரியாவும் போட்டேன்" என்றார். அவர் செய்த ஒவ்வொன்றும் செடியை இன்னும் வருத்தியிருக்கிறது.

காரணங்கள் இவை. நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு உண்டு. கதம்பையைக் காயலின் உப்புநீரில் ஊறப்போட்டிருந்தால் சோடியம் இன்னும் கூடும். மிளகாய் உப்பைத் தாங்காத பயிர். உப்பின் அளவைக் காட்டும் வேர்மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். உப்புக் காற்றிலும் நிமிர்ந்து நிற்கும் தென்னையின் கழிவு மிளகாய்க்கும் ஆகும் என்று நினைப்பது தவறு. அடுத்தது, பதப்படுத்தாத கழிவில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமம். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போகவேண்டிய தழைச்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன. இலை மஞ்சளாவது இதனால். அப்போது யூரியாவை அள்ளிப் போட்டால் வேரைச் சுற்றி உப்புச்செறிவு ஏறுகிறது. மேலே காய்ந்த தோற்றத்தை நம்பித் தண்ணீர் ஊற்றினால், பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் அந்தக் கழிவுக்குள் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது.

கழிவை ஒதுக்கித் தள்ளவேண்டியதில்லை, பக்குவப்படுத்தவேண்டும். சாக்கில் கட்டி நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடியுங்கள். முதலில் கட்டன் சாயா நிறத்தில் வடியும். நிறம் தெளியும்வரை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு சாணம் கலந்து, நிழலில் குவித்து, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறி, இரண்டு மூன்று மாதம் மட்கவிடுங்கள். சிப்பிக்காளான் வித்து கிடைத்தால் அடுக்கடுக்காகத் தூவலாம், மட்குவது விரைவுபடும். கறுத்து, மண்வாசனை வந்த பிறகு செம்மண் ஒரு பங்கு, மட்கிய கழிவு ஒரு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்து நடுங்கள். அந்த அக்காவின் பைகளில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் புதுக் கலவையில் புது நாற்றுதான் நடவேண்டியிருந்தது. ஒரு பருவமே வீண்.

எல்லா மிளகாயையும் தென்னை நிழலில் வைப்பது

காந்தாரி அரைநிழலிலும் காய்க்கும், பல ஆண்டு நிற்கும். அதைப் பார்த்து நீட்டு மிளகாயையும் அங்கேயே நட்டால் தண்டுதான் நீளும். அதற்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

இலை சுருண்டதும் மருந்து அடிப்பது

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். சிலந்திப்பேன் பூச்சி இனமே அல்ல, பூச்சிக்கொல்லிகள் பலவும் அதன்மேல் பலிக்காது. அதைத் தின்னும் நல்ல உயிரிகள்தான் சாகும். இரண்டுக்கும் தொடக்கத்திலேயே வேப்பெண்ணெய்க் கரைசலை இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் தெளிக்கலாம். இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாகிவிட்டால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை. பிடுங்கி எரித்துவிடுங்கள், பக்கத்துச் செடியாவது பிழைக்கும்.

ஐப்பசியில் நாற்று நடுவது

வேண்டாம். அடைமழையில் நாற்று அழுகும்.

ஆரல்வாய்மொழிக் காற்றை மறப்பது

ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை. தோவாளைப் பக்கத்து மொட்டை மாடிகளில் பூவை உதிர்த்துக் கிளையை ஒடிக்கும். நடும்போதே குச்சி ஊன்றிக் கட்டுங்கள். கைப்பிடிச் சுவரின் மறைவில் வையுங்கள்.

முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்ப்பது

காந்தாரி விதைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். நாகா மிளகாய் போன்ற கடுங்கார வகைகள் ஒரு மாதமும் எடுக்கும். தொடாதீர்கள்.

பறித்த கையைத் தண்ணீரில் மட்டும் கழுவுவது

காரம் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்ணையும் குழந்தையையும் தொடாதீர்கள்.