சுசுகி கப்ளிங்கில் போரான் கழன்று போனால்

போரான் உள்ள ஒரு கரிமச் சேர்மத்தையும் புரோமின் போன்ற ஹாலஜன் உள்ள இன்னொன்றையும் பல்லேடியம் வினையூக்கியால் இணைப்பதுதான் சுசுகி கப்ளிங். அப்படி 2,6-டைஃப்ளூரோஃபீனைல் போரானிக் அமிலத்தை ஒரு அரைல் புரோமைடோடு (பென்சீன் போன்ற வளையத்தில் புரோமின் உள்ள சேர்மம்) இணைக்க வேண்டியிருந்தது. டெட்ராகிஸ் பல்லேடியம் வினையூக்கி, காரமாகப் பொட்டாசியம் கார்பனேட், கரைப்பானாக டையாக்ஸேன்-தண்ணீர், 90 டிகிரி செல்சியஸ் என்று எல்லாரும் போடுகிற முறைதான் போட்டேன். கலவையில் என்னென்ன இருக்கிறது என்று புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் புரோமைடு புள்ளி கிட்டத்தட்ட அப்படியே நின்றது, போரானிக் அமிலத்தை மட்டும் காணவில்லை. ஃப்ளூரின் என்எம்ஆர் (ஃப்ளூரின் அணுக்களைக் காட்டும் காந்த அதிர்வு நிறமாலை) எடுத்தபோது -110 பிபிஎம் பக்கம் 1,3-டைஃப்ளூரோபென்சீன் பளிச்சென்று தெரிந்தது, அதாவது காரமும் சூடும் சேர்ந்து, கப்ளிங் நடப்பதற்குள் போரானைக் கழற்றி அந்த இடத்தில் ஹைட்ரஜனை வைத்துவிட்டன.

இந்த நிலையில் வினையூக்கியை மேலும் மேலும் கொட்டிச் சூடேற்றுவது வீண். பந்தயமே கப்ளிங் நடக்கும் வேகத்துக்கும் போரான் கழலும் வேகத்துக்கும் நடுவில்தான், அதனால் சூட்டைக் குறைத்தும் வேகமாக ஓடுகிற பல்லேடியம் வேண்டும். வேதியியலாளர் ஸ்டீபன் பக்வால்டின் குழு 2010-இல் வெளியிட்ட முறைக்கு மாறினேன்: எக்ஸ்ஃபாஸ் பல்லேடியம் ஜி2 என்ற வினையூக்கி, டிஹெச்எஃப் கரைப்பான் ஒரு பங்கு, 0.5 மோலார் பொட்டாசியம் பாஸ்பேட் கரைசல் இரண்டு பங்கு, போரானிக் அமிலம் புரோமைடைப் போல 1.5 மடங்கு (மோல் கணக்கில்). ஆர்கானை நன்றாகக் குமிழ விட்டு, அறை வெப்பநிலையிலேயே கலக்கினேன். அரை மணி நேரத்தில் புரோமைடு தீர்ந்துவிட்டது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

2-பிரிடைல் போரானிக் அமிலத்துக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். அதுவும் மிகச் சீக்கிரம் உடையக்கூடியது. அதற்கு மிடா போரோனேட்டும் (போரானிக் அமிலத்தின் பாதுகாக்கப்பட்ட வடிவம்) செம்பு உப்பும், இல்லையென்றால் போரானுக்குப் பதில் துத்தநாகம் வைத்துச் செய்கிற நெகிஷி கப்ளிங்.